லிஸ்ட்ல வராத நோடுகள்: பொங்கல் லீவுல ஒரு டெவ் கிளஸ்டருக்கு என்ன ஆச்சு

பெங்களூர் பெல்லந்தூர் பக்கம் இருக்கற ஒரு கம்பெனி, தன்னோட டெவ் கிளஸ்டர, அதாவது டெவலப்பர்ங்க சோதிச்சு பாக்கற மெஷின் கூட்டத்த, பொங்கல் லீவுக்கு அணைச்சு வெக்க சொல்லி ஒரு ஏஐ ஏஜென்ட் கிட்ட வேலைய குடுத்துச்சு. ஏஜென்ட் வேலைய முடிச்சுட்டு, எல்லா நோடு குரூப்பும் (நோடுன்னா கிளஸ்டர்ல ஒரு மெஷின், குரூப்னா ஒண்ணா அளவு மாத்தற மெஷின்கள்) பூஜ்யத்துக்கு வந்தாச்சு, இப்ப கிளஸ்டர்ல நோடு எதுவும் ஓடலன்னு ரிப்போர்ட் போட்டுச்சு. லீவு முடிஞ்சு பாத்தா மெஷின்கள் எல்லா நாளும் ஓடிட்டே இருந்திருக்கு, அதுலயும் ஜிபியு மெஷின்கள் ஒரு வேலையும் இல்லாம சும்மா ஓடியிருக்கு, அணைக்காமயே விட்டிருந்தா வந்திருக்கற பில்ல விட இது அதிகம். அணைச்சதுனாலதான் பில் ஏறுச்சு, இத முதல்ல கேட்டப்ப யாருமே நம்பல, ஆனா லாக்க ஒவ்வொண்ணா எடுத்து பாத்தா அப்படித்தான் நடந்திருக்கு.

அந்த டீம் நடத்தற ஆள் நான் இல்ல, பக்கத்து பிளாட்ஃபார்ம் டீம்லேர்ந்து இத ஆராய்ஞ்சு எழுதி குடுக்க சொன்னாங்க. உள்ளுக்குள்ள குடுத்த ரிப்போர்ட்ல இருந்த விஷயத்த, கம்பெனி அடையாளம் எடுத்துட்டு, இங்க எழுதறேன், ஏன்னா இப்ப பாதி டீமுங்க ஏஜென்ட்டுக்கு கிளவுட் டூல் எழுதி குடுத்துட்டு இருக்காங்க, அதுல நோடு குரூப் லிஸ்ட் பண்ற டூல் ரொம்ப சாதாரணமானது, ஆபத்தே இல்லாததுனு எல்லாரும் நெனைக்கறாங்க. படிக்க மட்டும்தான செய்யுது, இதுல என்ன வந்துடப் போகுதுனு. இந்த கேஸ்ல தப்பு ஆரம்பிச்சது அந்த படிக்கற டூல்லதான்.

முதல்ல சூழ்நில

கிளஸ்டர் ஏடபிள்யூஎஸ் ஈகேஎஸ்ல (அமேசான் கிளவுடோட குபர்னெட்டிஸ் சேவை, குபர்னெட்டிஸ்ங்கறது ஆப்கள மெஷின்கள்ல பிரிச்சு ஓட்டற சாஃப்ட்வேர்), மும்பை ரீஜன்ல இருந்துச்சு. உள்ள மூணு விதமா நோடுகள் இருந்துச்சு, இது முக்கியம், அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

ஒண்ணு, ஈகேஎஸ்ஸே பாத்துக்கற மேனேஜ்டு நோடு குரூப். இந்த வசதி வந்தது 2019 நவம்பர்ல. இந்த கிளஸ்டர்ல ரெண்டு இருந்துச்சு, ஆப் ஓடறதுக்கு ஒண்ணு, சிஸ்டம் வேலைகளுக்கு ஒண்ணு. ரெண்டாவது, பழைய காலத்து குரூப். ஈகேஎஸ் பொதுவுக்கு வந்தது 2018 ஜூன்ல, மேனேஜ்டு குரூப் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் கிளவுட்ஃபார்மேஷன் டெம்ப்ளேட் (என்ன மெஷின் வேணும்னு எழுதி வெக்கற ஃபைல்) வெச்சு தாங்களே ஆட்டோஸ்கேலிங் குரூப் கட்டி கிளஸ்டர்ல சேப்பாங்க, அந்த மாதிரி ஒண்ணு இன்னும் உயிரோட இருந்துச்சு, அதுல டெஸ்ட் டேட்டாபேஸ் ஓடுது, டெய்ன்ட்ங்கற தடைக் குறி போட்டு வேற பாட் (குபர்னெட்டிஸ் ஓட்டற ஆப்போட ஒரு பிரதி) எதுவும் வராம வெச்சிருந்தாங்க. மூணாவது, கார்ப்பென்ட்டர்ங்கற, தேவைக்கு ஏத்த மாதிரி மெஷின் சேக்கற சாஃப்ட்வேர் ஏத்தற நோடுகள். கார்ப்பென்ட்டர் எந்த குரூப்பையும் நம்பி இருக்காது, இடம் கெடைக்காம காத்துட்டு இருக்கற பாட்கள பாத்து, அதுக்கு ஏத்த மெஷின நேரா ஈசி2 (ஏடபிள்யூஎஸ்ஸோட வாடக மெஷின் சேவை) கிட்ட கேட்டு வாங்கிடும், வேல முடிஞ்சு மெஷின் காலியானா அதுவே எடுத்துடும். ஏஐ மாடல் டெஸ்ட் பண்ற டீமோட ஜிபியு மெஷின்கள் எல்லாமே இந்த வழியிலதான் வரும், போகும்.

கர்நாடகால சங்கராந்திக்கு ஒரு நாள்தான் லீவு. ஆனா இந்த டீம்ல பாதி பேர் தமிழ் ஆளுங்க, மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் சேத்து லீவு போட்டுட்டு மடிவாளாவுலயோ சில்க் போர்டுலயோ பஸ் புடிச்சு ஊருக்கு போயிடுவாங்க, மிச்ச பேரும் அந்த வாரத்த ஒட்டி லீவு எடுத்துடுவாங்க, டெவ் கிளஸ்டர தொட ஆளே இருக்காது. அதனால வருஷா வருஷம் அத அணைச்சு வெக்கற பழக்கம் இருந்துச்சு. முன்னாடியெல்லாம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் அத பண்ணும். அந்த ஸ்கிரிப்ட எழுதினவர் வேற கம்பெனி போயிட்டார். ஸ்கிரிப்ட் முதல்ல டெப்ளாய்மென்ட் (ஒரு ஆப்புக்கு எத்தன பாட் ஓடணும்னு சொல்ற அமைப்பு) எல்லாத்தையும் பூஜ்யமாக்கும், அப்புறம் கார்ப்பென்ட்டர் நோடுகள் தானா காலியாகி போற வரைக்கும் காத்திருக்கும், அதுக்கு அப்புறம்தான் நோடு குரூப்ப தொடும். ஏன் இந்த வரிசைனு ஒரு கமெண்ட் கூட அதுல இல்ல. இந்த வருஷம் ஸ்கிரிப்ட ஓரம் கட்டிட்டு ஏஜென்ட் கிட்ட குடுத்தாங்க. எம்சிபி (ஏஜென்ட்ட டூல்களோட இணைக்கற பொது முறை) சர்வர் ஒண்ணு கட்டி, அதுல நோடு குரூப் லிஸ்ட் பண்ண, ஒரு குரூப்போட விவரம் பாக்க, அளவு மாத்தனு மூணு டூல் இருந்துச்சு.

என்ன நடந்துச்சு

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம், சேலத்துலேர்ந்து வந்து இங்க வேல பாக்கற ஒரு பொண்ணு ஏஜென்ட் கிட்ட, இந்த கிளஸ்டர்ல இருக்கற எல்லா நோடு குரூப்பையும் பூஜ்யத்துக்கு கொண்டு வா, முடிஞ்சதும் சரியா இருக்கானு பாத்து சொல்லுனு டைப் பண்ணுச்சு. கேள்வியில ஒரு குறையும் இல்ல, முடிச்சதும் சரிபாக்கணும்னு கூட சொல்லியிருக்கு, இத நான் ரிப்போர்ட்ல தனியா எழுதினேன், ஏன்னா ஒரு மீட்டிங்ல ஒருத்தர் பிராம்ப்ட் சரியில்லனு முடிக்க பாத்தாரு.

ஏஜென்ட் லிஸ்ட் டூல கூப்டுச்சு, ரெண்டு பேர் வந்துச்சு, ஆப், சிஸ்டம். ரெண்டுக்கும் விவரம் கேட்டுச்சு. வந்த வரிசைப்படி முதல்ல ஆப் குரூப்போட மினிமம் (குறைஞ்சபட்ச மெஷின் எண்ணிக்க), டிசையர்டு (இருக்க வேண்டிய எண்ணிக்க) ரெண்டையும் பூஜ்யமாக்குச்சு. அந்த குரூப்ல ஓடிட்டு இருந்த பாட்கள் எல்லாம் வெளிய தள்ளப்பட்டுச்சு, டெப்ளாய்மென்ட் இன்னும் பூஜ்யமாகல, அதனால அதே எண்ணிக்கைக்கு புது பாட்கள் உருவாகி இடம் இல்லாம காத்துட்டு நின்னுச்சு. கார்ப்பென்ட்டர் அத பாத்துச்சு. அதோட வேலையே அதுதான், ஆப் குரூப்ல இருந்த பாட்கள் எல்லாத்துக்கும் புது மெஷின் வாங்கி ஏத்துச்சு.

அப்புறம் ஏஜென்ட் சிஸ்டம் குரூப்ப பூஜ்யமாக்குச்சு. கார்ப்பென்ட்டரோட வேலைய செய்யற கன்ட்ரோலர் பாட்கள் ஓடறது அந்த சிஸ்டம் குரூப்லதான். தான் ஏத்தின நோடு மேல தானே உக்காரக் கூடாதுனு கார்ப்பென்ட்டரோட ஹெல்ம் சார்ட்லயே (அத இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ்) ஒரு விதி இருக்கு, அது நல்ல விதிதான், தான் உக்காந்திருக்கற கிளைய தானே வெட்டிடக் கூடாதுனு போட்டது. ஆனா இப்ப சிஸ்டம் குரூப் போயிடுச்சு, பழைய குரூப்ல டெய்ன்ட் இருக்கு, மிச்சம் இருக்கறது கார்ப்பென்ட்டர் நோடுகள் மட்டும்தான், அதுல அது உக்காராது. கன்ட்ரோலர் பாட்கள் காத்திருப்புலயே நின்னுடுச்சு.

இப்ப கிளஸ்டரோட நெலமைய பாருங்க. ஆப் பாட்கள் எல்லாம் புது கார்ப்பென்ட்டர் மெஷின்கள்ல நல்லா ஓடுது. மாடல் டீமோட ஜிபியு வேலைகள் அன்னைக்கு ராத்திரி முடிஞ்சுடுச்சு, சாதாரண நாளா இருந்தா மெஷின் காலியானத பாத்து கார்ப்பென்ட்டர் கொஞ்ச நேரத்துல அத எடுத்திருக்கும், ஆனா எடுக்க வேண்டிய ஆளே இல்ல. ஆள் இல்லாட்டியும் மெஷின் நிக்காது, ஈசி2வுக்கு அது சாதாரண ஓடற மெஷின், மீட்டர் ஓடிட்டே இருக்கும். பொங்கல் முழுக்க ஓடுச்சு.

அதுக்கு அப்புறம் ஏஜென்ட் சொன்னபடி சரிபாத்துச்சு. எப்படி? அதே லிஸ்ட் டூல கூப்டுச்சு, அதே ரெண்டு பேர் வந்துச்சு, விவரம் கேட்டுச்சு, ரெண்டுலயும் டிசையர்டு பூஜ்யம். எல்லாம் சரினு ரிப்போர்ட். எந்த கண்ணுக்கு ஒரு பொருள் தெரியலயோ அதே கண்ண வெச்சு மறுபடி பாத்தா எப்படி தெரியும். அது போக டிசையர்டுங்கறது ஒரு இலக்கு, எத்தன மெஷின் நெஜமா ஓடுதுங்கற கணக்கு இல்ல, இத பழகின ஆளுங்களே சில சமயம் மறந்துடுவாங்க.

என்னல்லாம் சந்தேகப்பட்டோம்

முதல்ல ரீஜன்னு நெனச்சோம். கம்பெனிக்கு ஹைதராபாத் ரீஜன்லயும் கிளஸ்டர் இருக்கு, டூல் தப்பான ரீஜன்ல பாத்திருக்குமோனு. கிளவுட்ட்ரெயில்ல (ஏடபிள்யூஎஸ்ஸுக்கு போற ஏபிஐ கால்களோட பதிவு) பாத்தா சரியான ரீஜன்தான். இங்க ஒரு சின்ன விஷயம், கிளவுட்ட்ரெயில் ஈவென்ட் ஹிஸ்டரிய கன்சோல்ல தொறந்தா, படிக்க மட்டும் செய்யற கால்கள மறைக்கற ஃபில்டர் முதல்லயே போட்டிருக்கும், லிஸ்ட் கால் எதுவும் கண்ணுல படாது, அந்த ஃபில்டர எடுத்தா 90 நாள் வரைக்கும் பின்னாடி பாக்கலாம். இத தெரியாம ஒருத்தர் ஏஜென்ட் லிஸ்ட் டூல கூப்டவே இல்லனு ரொம்ப நேரம் வாதாடிட்டு இருந்தாரு.

ரெண்டாவது, பக்கம் பக்கமா வர்ற பதில்ல ரெண்டாவது பக்கத்த டூல் விட்டிருக்குமோனு. ஈகேஎஸ்ஸோட லிஸ்ட் ஏபிஐ ஒரு பக்கத்துக்கு 100 பேர் வரைக்கும் குடுக்கும், மிச்சம் இருந்தா அடுத்த பக்கத்துக்கு ஒரு டோக்கன் குடுக்கும். டூல் அந்த டோக்கன பாக்கவே இல்லங்கறது கோடுல தெரிஞ்சுது, அது திருத்த வேண்டிய தப்புதான், ஆனா ஒரு கிளஸ்டருக்கு மேனேஜ்டு குரூப் 30 வரைக்கும்தான்ங்கறது வழக்கமான வரம்பு, கேட்டு ஏத்தினாத்தான் அதுக்கு மேல, அதனால இங்க அது காரணம் இல்ல.

மூணாவது பர்மிஷன். அதுவும் இல்ல, லிஸ்ட், டிஸ்கிரைப் ரெண்டு கால்லயும் எந்த மறுப்பும் வரல.

அப்படின்னா டூல் சரியாத்தான் வேல பாத்திருக்கு, இதுதான் எல்லாரையும் கொழப்புச்சு. எழுதினபடி ஒழுங்கா ஓடியிருக்கு, கேட்டதுக்கு பதில் குடுத்திருக்கு. அப்ப திருநெல்வேலிக்கார டீம் லீட் கேட்டாரு, "ஏம்மா, நீ கன்சோல்ல போயி பாத்தா அந்த பழைய குரூப்பு தெரியுமா?" அந்த பொண்ணு, "தெரியாதுண்ணா, நோடு குரூப் டேப்ல மேனேஜ்டு மட்டும்தான் காட்டும், ஆனா மேல நோடு லிஸ்ட்ல மெஷின் தெரியும், அத பாத்து நாமளே புரிஞ்சுக்குவோம்"னு சொல்லுச்சு. அந்த ஒரு பதில்ல கேஸ் முடிஞ்சுடுச்சுனு எனக்கு தோணுச்சு. நம்ம கண்ணு ரெண்டு லிஸ்ட்டையும் ஒண்ணா பாக்குது. ஏஜென்ட்டுக்கு நாம ஒரு லிஸ்ட்ட மட்டும் குடுத்துட்டு, அதுதான் முழுசுனு சொல்லி விட்டிருக்கோம்.

ஏடபிள்யூஎஸ்ஸோட ஏபிஐ கைடுலயே தெளிவா இருக்கு, இந்த கால் மேனேஜ்டு நோடு குரூப்ப மட்டும்தான் குடுக்கும், நாமளே கட்டினது இதுல வராதுனு. டூல் எழுதினவங்க அந்த பக்கத்த படிச்சுத்தான் எழுதியிருக்காங்க, ஆனா டூலோட விளக்கத்துல "கிளஸ்டர்ல இருக்கற எல்லா நோடு குரூப்பையும் லிஸ்ட் பண்ணும்"னு ஒரே வரி. வராதது என்னங்கற வரி வழியில விழுந்துடுச்சு. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது சின்ன விஷயம், சந்தேகம் வந்தா கைடு தொறந்து பாப்போம், பக்கத்து சீட்ல கேப்போம். ஏஜென்ட்டுக்கு அந்த விளக்கமும் திரும்பி வர்ற பதிலும்தான் மொத்த உலகமும். ரேஷன் கார்டுல இருக்கற பேர மட்டும் எண்ணிட்டு வீட்ல வேற யாரும் இல்லனு எழுதிட்டு போன மாதிரிதான் ஆயிடுச்சு.

மத்த கிளவுட்ல எப்படி

இத ஆராயும்போது மத்த ரெண்டு கிளவுடையும் பாத்தேன், ஏன்னா ஏஜென்ட்டுக்கு பின்னாடி இருக்கற மாடல் மூணு கிளவுட் பத்தியும் படிச்சுட்டு வந்திருக்கும், ஒண்ணுல உண்மையா இருக்கறத இன்னொண்ணுல எதிர்பாக்கும்.

கூகிளோட ஜிகேஇ ஸ்டாண்டர்டு கிளஸ்டர்ல ஒவ்வொரு நோடும் ஏதாவது ஒரு நோடு பூல்ல இருந்தே ஆகணும். ஆட்டோ ப்ரொவிஷனிங் போட்டிருந்தாலும் அது புதுசா ஒரு பூல் உருவாக்கி அதுலதான் நோடு சேக்கும், அந்த பூலும் லிஸ்ட்ல வந்துடும். அதனால அங்க பூல் லிஸ்ட் எடுத்தா நோடு எல்லாமே ஏதோ ஒரு பேருக்கு கீழ அடங்கிடும். அசூரோட ஏகேஎஸ்ல சிஸ்டம் பூல், யூசர் பூல்னு பிரிச்சு வெச்சிருக்காங்க, யூசர் பூல பூஜ்யத்துக்கு கொண்டு வரலாம், சிஸ்டம் பூல்ல ஒரு நோடாவது இருந்தே ஆகணும், மொத்தமா நிறுத்தணும்னா கிளஸ்டர ஸ்டாப் பண்ற கமாண்டே தனியா இருக்கு. இந்த கேஸ் அங்க நடந்திருந்தா சிஸ்டம் குரூப்ப பூஜ்யமாக்கற எடத்துலயே தட்டியிருக்கும். ஈகேஎஸ்ல அந்த தடுப்பு இல்ல, நீ கேட்டா அது பண்ணும், பொறுப்பு உன் மேல.

மூணு கிளவுடுக்கும் ஒரே பேர்ல ஒரு பொது லிஸ்ட் டூல் கட்டறவங்கள நான் பாக்கறேன், ஒரே மாதிரி பதில் வடிவம் குடுத்தா ஏஜென்ட்டுக்கு வசதினு. வடிவம் ஒண்ணா இருக்கலாம், ஆனா அந்த லிஸ்ட் எதுவரைக்கும் பாக்குதுங்கறது மூணுலயும் வேற வேற, அத பதிலுக்குள்ளயே சொல்லாம ஒண்ணாக்கினா இந்த கேஸ் திரும்ப திரும்ப வரும்.

கோட தொறந்தப்ப கெடச்சது

இந்த கேஸுக்கு சம்பந்தம் இல்ல, ஆனா இத விட பயமா இருந்துச்சு. டூலோட கோடுல ஏபிஐ கால சுத்தி ஒரு ட்ரை (எர்ரர புடிக்கற கோடு) போட்டு, எந்த எர்ரர் வந்தாலும் காலி லிஸ்ட்ட திருப்பி குடுக்கற மாதிரி எழுதியிருந்துச்சு. தப்பான ரீஜன்ல கேட்டா ஈகேஎஸ் அந்த கிளஸ்டரே இல்லனு எர்ரர் குடுக்கும், பர்மிஷன் இல்லனா மறுப்பு குடுக்கும், நெட்வொர்க் போனா டைம்அவுட், இந்த மூணும் ஏஜென்ட் கிட்ட போய் சேரும்போது ஒரே மாதிரி, நோடு குரூப் எதுவும் இல்லங்கற பதிலா மாறிடும். பாக்க முடியலங்கறதும், பாத்தேன் ஒண்ணும் இல்லங்கறதும் வேற வேற செய்தி. காலியான கிளஸ்டர அழிச்சுடுனு ஒரு ஏஜென்ட் கிட்ட யாராவது சொல்லியிருந்தா, இந்த டூல் குடுக்கற காலி லிஸ்ட்ட நம்பி அது எந்த கிளஸ்டர தொட்டிருக்கும்னு நெனச்சு பாக்கவே மனசு வரல.

எம்சிபில டூல் தோத்துப்போனா அத பதில்லயே எர்ரர்னு குறிச்சு அனுப்ப தனியா ஒரு கொடி இருக்கு, அத போட்டு, என்ன எர்ரர், எந்த அக்கவுன்ட், எந்த ரீஜன்ல கேட்டதுனு எழுதி அனுப்பினா ஏஜென்ட் பெரும்பாலும் தானே புரிஞ்சுக்கும், ரீஜன் மாத்தி கேக்கும், இல்ல நம்ம கிட்ட வந்து கேக்கும். எர்ரர மறைச்சு அழகா பதில் குடுக்கறது இணையப் பக்கத்துல ஓரளவுக்கு சரியா இருக்கலாம், இங்க அது கேடு.

இன்னொண்ணு, லிஸ்ட் ஏபிஐ குடுக்கறது வெறும் பேர் மட்டும். எத்தன மெஷின், ஸ்பாட்டா (எப்ப வேணா திரும்ப எடுத்துக்கற மலிவு மெஷின்) ஆன் டிமாண்டா, நல்லா இருக்கா கெட்டுப்போச்சா, எதுவும் அதுல இல்ல, ஒவ்வொண்ணுக்கும் தனியா விவரம் கேக்கணும். பேர் மட்டும் கையில இருந்தா ஏஜென்ட் பேர வெச்சு ஊகிக்க ஆரம்பிச்சுடுது. பழைய லாக் ஒண்ணுல, ஹைதராபாத் கிளஸ்டர்ல இருந்த ஒரு குரூப்போட பேர்ல "பழைய"னு அர்த்தம் வர்ற ஒரு சொல் இருந்ததால, இது இப்ப பயன்பாட்டுல இல்லனு ஏஜென்ட் எழுதி வெச்சிருக்கு. அந்த குரூப் அன்னைக்கு முழு வேகத்துல வேல செஞ்சுட்டு இருந்துச்சு.

என்ன மாத்துனாங்க

எல்லாத்தையும் லிஸ்ட்ல கொண்டு வந்துட்டா போதும்னுதான் முதல்ல எல்லாரும் சொன்னாங்க, நானும் அந்த பக்கம்தான் சாய்ஞ்சேன், அந்த சேலத்து பொண்ணுதான் மறிச்சுச்சு. "அண்ணா, அந்த பழைய குரூப் லிஸ்ட்ல வந்திருந்தா ஏஜென்ட் அதையும் பூஜ்யமாக்கியிருக்கும்ல? டெஸ்ட் டேட்டாபேஸ் லோக்கல் டிஸ்க்லதான இருக்கு?" லீட் கொஞ்ச நேரம் பேசல. மெஷினோடவே ஒட்டி வர்ற இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் டிஸ்க்ல இருக்கற டேட்டா, மெஷின் போனா கூடவே போயிடும். அந்த டேட்டாபேஸுக்கு பேக்கப் இல்ல. லிஸ்ட்ல வராம இருந்ததுனால அது தப்பிச்சிருக்கு. "நல்லா கேட்டம்மா"னு லீட் சொல்லிட்டு அன்னைக்கே பேக்கப் எடுக்க ஆள் போட்டாரு.

அதனால வடிவம் இப்படி ஆச்சு. லிஸ்ட் டூலோட பதில்ல முதல்ல அக்கவுன்ட், ரீஜன், கிளஸ்டர் பேர், எப்ப பாத்ததுனு வரும். அப்புறம் மேனேஜ்டு குரூப்புகள், ஒவ்வொண்ணுக்கும் நெலம, மினிமம், மேக்சிமம், டிசையர்டு, அதோட நெஜமா இப்ப கிளஸ்டர்ல தெரியற நோடு எண்ணிக்க. அதுக்கு அப்புறம்தான் முக்கியமான பகுதி, மேனேஜ்டு குரூப் எதுலயும் சேராத நோடுகள். இத கண்டுபிடிக்கறது கஷ்டம் இல்ல, ஈகேஎஸ் மேனேஜ்டு நோடு ஒவ்வொண்ணுலயும் குரூப் பேரோட ஒரு லேபிள் இருக்கும், கார்ப்பென்ட்டர் நோடுல கார்ப்பென்ட்டரோட நோடுபூல் லேபிள் இருக்கும், ரெண்டும் இல்லாதது பெரும்பாலும் நாமளே கட்டினது. கார்ப்பென்ட்டர் நோடு இத்தன, மூலம் தெரியாத நோடு இத்தனனு தனித்தனியா வரும், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இத இந்த டூல்செட்டால மாத்த முடியுமா முடியாதானும் வரும். பழைய குரூப்புக்கு முடியாதுதான்.

கார்ப்பென்ட்டர் கன்ட்ரோலர் எந்த குரூப்ல ஓடுதுங்கறதையும் ஒரு குறிப்பா சேத்தாங்க. இத முதல்ல தேவையில்லனு சில பேர் சொன்னாங்க, லிஸ்ட் டூலுக்கு இது எதுக்குனு. எனக்கு இது ரொம்ப தேவைனு படுது, ஏன்னா சிஸ்டம் குரூப்பும் ஆப் குரூப்பும் வெளிய பாக்க ஒரே மாதிரி ரெண்டு பேர்தான், ஒண்ணு போனா மத்ததெல்லாம் அனாதையாயிடும்ங்கறது பேர்ல தெரியாது.

ஒரு சிக்கல் வந்துச்சு. நோடுகள படிக்கணும்னா குபர்னெட்டிஸ் ஏபிஐக்கு போகணும், டூல் ஓடற ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸோட அனுமதி அமைப்பு) ரோலுக்கு ஏடபிள்யூஎஸ் பக்கத்துல அனுமதி இருந்தாலும் கிளஸ்டருக்குள்ள தனியா அனுமதி வேணும், ரெண்டும் வேற வேற கதவு. அந்த அனுமதிய செக்யூரிட்டி டீம் குடுக்கற வரைக்கும் ஈசி2 பக்கமா போனாங்க, இந்த கிளஸ்டருக்கு சொந்தமான மெஷின்னு டேக் போட்டிருக்கற மெஷின்கள எடுத்து, மேனேஜ்டு குரூப்ல இருக்கறத கழிச்சா மிச்சம் தெரிஞ்சுடும். இப்ப அனுமதி வந்த பிறகும் அந்த ஈசி2 வழிய எடுக்கல, ஏன்னா கிளஸ்டர்ல சேராம வெளிய நின்னு ஓடிட்டு இருக்கற மெஷின்கள குபர்னெட்டிஸ் காட்டாது, ஈசி2தான் காட்டும், பில் வர்றது ஈசி2லேர்ந்து. எந்த வழியாவது பாக்க முடியாம போனா பதில்ல அத எழுதியே ஆகணும், மேனேஜ்டு மட்டும் பாத்தேன், மத்தது பாக்க முடியலனு. அப்படி வந்தா முழுசா அணைஞ்சுடுச்சுனு ஏஜென்ட் ரிப்போர்ட் எழுதக் கூடாதுங்கறத அளவு மாத்தற டூலோட விளக்கத்துல போட்டாங்க.

பர்மிஷன ரெண்டா ஒடைச்சாங்க. லிஸ்ட், விவரம் ரெண்டும் ஒரு ரோல், அதுல படிக்கறதுக்கு மட்டும் அனுமதி. அளவு மாத்தறது வேற ரோல், அது ஓடறதுக்கு முன்னாடி ஒரு ஆள் ஒத்துக்கணும். எம்சிபில டூலுக்கு இது படிக்க மட்டும்தான்னு ஒரு குறிப்பு போடலாம், 2025 மார்ச் பதிப்புலேர்ந்து இருக்கு, போடலனா அழிக்கக்கூடிய டூல்னே எடுத்துக்கணும்ங்கறதுதான் அங்க டீஃபால்ட். போட்டிருக்காங்க. ஆனா அது வெறும் குறிப்பு, நம்பிக்கையில்லாத சர்வர்லேர்ந்து வந்தா நம்பக் கூடாதுனு அந்த ஸ்பெக்லயே எழுதியிருக்கு, நெஜமா தடுக்கறது ஐஏஎம்தான், அதனால ரெண்டும் வேணும்.

சரிபாக்கறதுக்கு தனியா ஒரு டூல் வந்துச்சு, அது நோடு குரூப்ப பத்தியே பேசாது, இந்த கிளஸ்டரோட டேக் இருக்கற எத்தன மெஷின் இப்ப ஓடுதுனு மட்டும் ஈசி2 கிட்ட கேட்டு சொல்லும். மாத்தினது ஒரு வழியில, சரிபாக்கறது வேற வழியில. பழைய ஷெல் ஸ்கிரிப்ட்டோட வரிசையும் திரும்ப வந்துச்சு, இந்த தடவ ஏன்னு காரணத்தோட, முதல்ல டெப்ளாய்மென்ட், அப்புறம் கார்ப்பென்ட்டர் தன் நோடுகள எடுத்து முடிக்கற வரைக்கும் காத்திருப்பு, கடைசியா சிஸ்டம் குரூப்.

இந்த காத்திருப்புல ஒரு விஷயம் இன்னும் முடியல. மேனேஜ்டு குரூப்போட அளவ குறைச்சா ஈகேஎஸ் அந்த நோடுல இருக்கற பாட்கள மெதுவா வெளியேத்த பாக்கும், 15 நிமிஷத்துக்கு மேல ஆனா எப்படியும் மெஷின எடுத்துடும். கார்ப்பென்ட்டர் நோடு அப்படி இல்ல, ஒரு பாட் என்னை தொடாதனு சொன்னா அது அந்த மெஷின தொடாம வெச்சிருக்கலாம், மாடல் டீம் தங்களோட நீண்ட ட்ரெயினிங் வேலைகளுக்கு அப்படித்தான் போட்டு வெச்சிருக்காங்க. அப்ப ஏஜென்ட் எவ்வளவு நேரம் காத்திருக்கணும், காத்திருந்து முடியலனா சிஸ்டம் குரூப்ப விட்டுட்டு ஒரு ஆளுக்கு சொல்லணுமா, அந்த ஆள் மடிவாளால பஸ் ஏறிட்டார்னா யாரு கிட்ட போகணும்? இப்போதைக்கு முடிவு, சிஸ்டம் குரூப்ப விட்டுட்டு நிறுத்திக்கணும், கார்ப்பென்ட்டர் உயிரோட இருக்கட்டும், அந்த ரெண்டு மூணு சின்ன மெஷினோட செலவு பரவால்ல. மாடல் டீம்ல ஒரு ஆள ஒவ்வொரு லீவுக்கும் கூப்புடற பட்டியல்ல போடணும்னு லீட் கேட்டிருக்காரு, உகாதி லீவுக்கு முன்னாடி பதில் சொல்றோம்னு அவங்க சொல்லியிருக்காங்க.